அவருக்கு மிஞ்சிய ஓரெழுத்து

பக்கவாதம் வந்து படுத்தவருக்கு வாயில் மிஞ்சியது ஒரே ஒரு எழுத்து. மா. பசித்தாலும் மா, வலித்தாலும் மா, ஜன்னல் திரை விலகி வெயில் முகத்தில் அடித்தாலும் மா. வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. கண்கள் மட்டும், யார் வந்தாலும் வாசல்வரை போய் அழைத்துவந்தன.

அவர் மனைவிக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. ஜவுளிக்கடையில் ஆல்டரேஷன் பிரிவில் வேலை பார்ப்பவள். கையில் ஊசி இல்லாத பொழுது அவளுக்குப் பழக்கமில்லை. கட்டிலுக்கு இந்தப் பக்கம் நின்று போர்வையை இழுத்துவிடுவாள், அந்தப் பக்கம் போய் அதையே திரும்பவும் இழுத்துவிடுவாள். படுக்கை விரிப்பின் ஓரத்தில் ஒரு தையல் விட்டிருந்தது. அதைப் பிடித்து இழுத்து இழுத்து, ஒரு முழத்துக்கு நூலை உருவிவிட்டிருந்தாள்.

"உக்காரு தாயே. நீ நடக்கிறதப் பாத்து எனக்குத் தலை சுத்துது," என்றார் நாத்தனார். படுத்திருப்பவரின் அக்கா.

"உக்காந்தா மட்டும் என்ன ஆகப்போகுது அண்ணி."

"நின்னா ஆபரேஷன் நின்னுடுமா?"

அதுதான் விஷயம். கழுத்து ரத்தக்குழாயில் அடைப்பு இருக்கிறதாம். அதை எடுக்காவிட்டால் இன்னொரு தாக்குதல் வரலாம், வந்தால் இதைவிட மோசமாக வரும் என்று காலையில் மருத்துவர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். எடுக்கும்போதே சிலருக்கு ஏதாவது ஆகிவிடுவதும் உண்டு என்பதையும் அவர் மறைக்கவில்லை. நாளைக் காலையில் தியேட்டர் கிடைக்கும். "அவருக்கே புரிஞ்சு அவரே சம்மதிச்சா அதுதான் முறை. அவரால முடியலன்னா நீங்க சொல்லணும். சாயங்காலத்துக்குள்ள சொல்லிடுங்க."

நாத்தனாருக்கு இதில் யோசிக்கவே ஒன்றுமில்லை. உடனே செய்துவிட வேண்டும். மனைவியாலோ கழுத்து, கத்தி என்ற இரண்டு சொற்களையும் சேர்த்து நினைக்கவே முடியவில்லை. இப்போது மூச்சு இருக்கிறது, கண் இருக்கிறது, ஊட்டினால் விழுங்குகிறார். இருப்பதையும் எதற்குப் பந்தயம் வைப்பது?

"வேணாம்னுதான் சொல்றார் அண்ணி. வேணாம்மா, வேணாம்மாங்கிறார். முன்னாடி பாதி வரமாட்டேங்குது."

"உனக்குச் சாதகமா நீயே முன்னாடி பாதிய ஒட்டிக்கிட்டா எப்படி? அவன் அம்மாவக் கூப்பிடறான். சின்ன வயசுல காய்ச்சல் வந்தாலும் இப்படித்தான் கத்துவான்."

பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண் இரண்டு கட்சியையும் தள்ளுபடி செய்தாள். "அந்தச் சத்தத்துல அர்த்தம் தேடாதீங்க. அவர் என்ன நினைச்சாலும் வாய்ல அதுதான் தானா வரும். உள்ள எவ்வளவு புரியுதுன்னு எனக்கே இன்னும் பிடிபடல."

"கேட்டா தலையாட்டறாரே?" என்றாள் மனைவி.

"எதக் கேட்டாலும் ஆட்டறார். நீங்க பொம்பளையான்னு கேட்டேன். ஆமான்னு ஆட்டினார்."

நாத்தனார் தலையில் கைவைத்துக்கொண்டார். மனைவிக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் நின்றுபோனது. அவருக்குப் புரியவில்லை என்றே ஆகிவிட்டால் முடிவு தன் கைக்கு வரும், தான் வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்ற எண்ணம் காலையிலிருந்து அவளுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. கூடவே, புரியாதவராக அவர் ஆகிவிடக் கூடாதே என்பதும் ஓடியது. இரண்டும் ஒன்றையொன்று துரத்த, அவள் போய் ஜன்னல் திரையைச் சரிசெய்தாள். அது சரியாகத்தான் இருந்தது.

பார்வையாளர் நேரம் தொடங்கியதும் கட்டுமானத் தளத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். அவர் வேலை செய்தது உயரக் கட்டடம் எழும்பும் தளத்தில். கிரேனுக்குச் சிக்னல் காட்டுபவர். அங்கே ஒவ்வொரு வேலைக்கும் ஒவ்வொரு நாட்டுக்காரன். இவர் எல்லார் மொழியிலும் வசவையும் கேலியையும் மட்டும் பொறுக்கி வைத்துக்கொண்டு ஒப்பேற்றியவர்.

முதலில் வந்தவர் இத்தாலிக்காரச் சர்வேயர். கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். படுத்திருப்பவர் "மா" என்றார். சர்வேயர் மரியாதையாகக் காதைச் சாய்த்துக் காத்திருந்தார். மறுபடி "மா". மறுபடி காத்திருந்தார். அவர் மொழியில் அது 'ஆனால்'. ஆனால் என்று தொடங்கிய மனிதர் மிச்சத்தையும் சொல்வார் என்று அவ்வளவு நேரம் பொறுமையாக இருந்துவிட்டு, பழங்களை வைத்துவிட்டுக் கிளம்பினார்.

பிறகு நான்கு பேர் சேர்ந்து வந்தார்கள். கிரேன் ஓட்டுபவன் தமிழன். நாளெல்லாம் உச்சியில் உட்கார்ந்திருப்பதால் அவனுக்கு மேல்மாடி என்று பெயர். மற்ற மூவர் வங்காளிக் கம்பிக்காரர், தாய்லாந்து வெல்டர், சாரம் கட்டும் வியட்நாம்காரர்.

"அண்ணே, நீங்க இல்லாம மேல்மாடி காலியாக் கிடக்கு," என்றான் கிரேன்காரன்.

"மா," என்றார் அவர்.

கம்பிக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. அவருக்கு அது அம்மாதான். நாத்தனார், பார்த்தாயா என்பதுபோல் மனைவியைப் பார்த்தார். வெல்டர் மட்டும் ஓரடி முன்னால் வந்தார். இன்னொரு மா வந்ததும் இன்னும் ஓரடி. கடைசியில் அவருடைய முழங்கால் கட்டிலில் இடித்தது.

"இவருக்கு என்ன?" என்று மனைவி கேட்டாள்.

"அவங்க பாஷைல மான்னா வா. அண்ணன் கூப்பிடறார்னு போறான். இனிமே படுக்கையிலதான் ஏறணும்."

"அப்ப அவர் ஏன் திரும்பித் திரும்பிப் பாக்கறார்?" சாரக்காரர் தோளுக்குப் பின்னால் பார்த்தபடியே நின்றிருந்தார்.

கிரேன்காரன் தயங்கினான். "அவங்களுக்கு அது பேய், அண்ணி."

"நல்லா இருக்கு," என்றார் நாத்தனார். "ஒருத்தனுக்கு அம்மா, ஒருத்தனுக்குப் பேய். எங்க அம்மாவுக்கு ரெண்டும் பொருந்தும்."

எல்லாரும் சிரித்தார்கள். படுத்திருப்பவரின் உதட்டில் இடது ஓரம் மட்டும் நகர்ந்தது. மனைவி அதைப் பார்த்தாள். புரிந்துதான் சிரித்தாரா, மற்றவர்கள் சிரித்ததால் சிரித்தாரா? யாரிடம் கேட்பது? அவள் ஃப்ளாஸ்க்கை எடுத்துச் சாரக்காரரிடம் நீட்டினாள். அவர் கோப்பைகளில் வெந்நீர் ஊற்றத் தொடங்கினார். அவருக்கு இடம் விட, வெல்டர் சக்கரம் வைத்த சாப்பாட்டு மேசையைக் கட்டிலோரம் தள்ளினார்.

அப்போது படுத்திருப்பவரின் இடது கை மேலே எழுந்தது. விரல்கள் மடங்கி, முஷ்டி இறுகியது.

நான்கு ஆண்களும் அப்படியே நின்றுவிட்டார்கள். வெல்டரின் கை மேசை விளிம்பில். கம்பிக்காரர் பாதி தூக்கிய காலோடு. சாரக்காரர் ஃப்ளாஸ்க்கை நிமிர்த்திப் பிடித்தபடி, ஒரு சொட்டு விழாமல். நாத்தனார் மட்டும் ஒரு பழத்தை உரித்துக்கொண்டே, "என்னாச்சு இவங்களுக்கு?" என்றார்.

படுத்திருப்பவரின் கண் கீழே போன இடத்தை மனைவி குனிந்து பார்த்தாள். மேசைச் சக்கரம், சொட்டுமருந்துக் குழாயின் மேல் ஏற ஒரு விரல்கடை இருந்தது.

அவள் குழாயை எடுத்துவிட்டாள். முஷ்டி பிரிந்தது. நால்வரும் அசைந்தார்கள்.

"அண்ணன் வச்ச சட்டம் அண்ணி," என்றான் கிரேன்காரன். "கொக்கியில சுமை ஏறிட்டா ஒருத்தனும் வாய் திறக்கக் கூடாது. ஆளுக்கொரு பாஷை, யார் கத்தினா என்னன்னு புரிஞ்சு தொலைக்கும்? கை மட்டும்தான். முஷ்டின்னா நில்லு. யோசிக்கவே மாட்டோம், உடம்பு தானா நின்னுடும்."

அவன் சாப்பாட்டு மேசையில் இருந்த ஒரு கோப்பையை எடுத்து, கொக்கியில் தொங்குவதுபோல் இரண்டு விரலில் பிடித்துக்கொண்டான். "அண்ணே, இத எங்க வைக்கட்டும்?"

ஆள்காட்டி விரல் மேல்நோக்கிச் சுற்றியது. கோப்பை உயர்ந்தது. கை இடது பக்கம் காட்டியது. கோப்பை ஜன்னலை நோக்கிப் போனது. விரல் கீழ்நோக்கி, மெல்ல, மிக மெல்லச் சுற்றியது. முஷ்டி. கோப்பை ஜன்னல் திட்டில் சத்தமில்லாமல் உட்கார்ந்தது. அவ்வளவு நேரமும் அவர் வாய் பாட்டுக்கு "மா, மா" என்று சொல்லிக்கொண்டுதான் இருந்தது. அதை ஒருவரும் காதில் வாங்கவில்லை.

மனைவி ஓடிப்போய்ப் பயிற்சிப் பெண்ணை இழுத்துவந்தாள். அந்தப் பெண், கோப்பையை இரண்டு முறை கைகாட்டி இடம் மாற்றும்படி அவரிடம் சொன்னாள். பிறகு, "நீங்க பொம்பளையா?" என்று கேட்டாள். தலை ஆமென்று ஆடியது. கை முஷ்டியாக மூடியது. அவள் நெடுமூச்சு விட்டாள். "தலைய நம்பாதீங்க. கையில கேளுங்க. நான் டாக்டரக் கூட்டிட்டு வரேன்."

இனி ஒளிய இடமில்லை. மனைவி கட்டிலின் வலது பக்கம், அவருடைய உணர்வில்லாத கையைப் பிடித்தபடி நின்றாள். "நாளைக்குக் கழுத்துல..." என்று தொடங்கினாள்.

அவர் கை படுக்கைக்குக் குறுக்கே வீசி வீசி ஆட்களை விலக்கியது.

"வெளியில போகச் சொல்றார்," என்றான் கிரேன்காரன். "தூக்கறதுக்கு முன்னாடி கீழ யாரும் நிக்கக் கூடாது. அதுவும் சட்டம்தான்."

"நான் கூடப்பிறந்தவ," என்றார் நாத்தனார். கை மறுபடி வீசியது. அவர் முணுமுணுத்துக்கொண்டே பழத்தோடு வெளியே போனார். மற்றவர்களும் போனார்கள். கதவு சாத்திக்கொண்டது.

மனைவி மட்டும் இருந்தாள். கை அவளையும் விடவில்லை. வலது பக்கத்திலிருந்து நகர் என்றது. நகர்ந்தாள். இன்னும் என்றது. கட்டிலின் கால்மாட்டுக்கு வந்ததும் முஷ்டி மூடியது. அங்கே நின்றால்தான் அவர் முகம் அவளுக்கும், அவள் முகம் அவருக்கும் நேராகத் தெரிந்தது.

"ஆபரேஷன் பண்ணினா ஏதாவது ஆகிடலாம். டாக்டரே சொல்றார். தெரியுமில்ல?"

"மா."

"வேணாமா?" என்றாள். ஆசையோடுதான் கேட்டாள்.

முஷ்டி.

அவள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "அப்ப, செய்யலாமா?"

ஆள்காட்டி விரல் மேல்நோக்கிச் சுற்றியது. அவசரமில்லாமல், அவள் பார்த்துவிட்டாளா என்று அவளையே பார்த்துக்கொண்டு, மூன்று சுற்று.

"மா," என்றார்.

அவள் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். போர்வையைச் சரிசெய்யப் போன கையைப் பாதியில் நிறுத்திக்கொண்டாள். கதவைத் திறந்து வெளியே வந்தாள்.

நடைவழியில் மணி அடித்தது. பார்வையாளர் நேரம் முடிந்துவிட்டது. காவலர் ஆட்களைக் கிளப்பிக்கொண்டிருந்தார். வெல்டரும் மற்ற இருவரும் ஏற்கெனவே மின்தூக்கி அருகே போய்விட்டார்கள். எதிர்ப்புறமிருந்து பயிற்சிப் பெண்ணோடு மருத்துவர் வந்துகொண்டிருந்தார். உள்ளே நடந்ததைப் பார்த்தது அவள் ஒருத்திதான். அவள் கீழே என்று சொன்னால் கீழே, முஷ்டி என்று சொன்னால் முஷ்டி. நாளைக் காலை தியேட்டருக்கு வேறு யாராவது போவார்கள்; இவர் இந்த அறையிலேயே, மூச்சோடு, கண்ணோடு இருப்பார்.

"என்ன சொன்னான்?" என்றார் நாத்தனார். கையில் உரித்த பழம் உரித்தபடியே இருந்தது.

அவள் அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

கிரேன்காரன் காவலரிடம் ஒரு நிமிடம் என்று கையைக் காட்டிவிட்டு அருகே வந்தான். "விரல் எந்தப் பக்கம் சுத்துச்சு, அண்ணி? மேலயா, கீழயா?"

மருத்துவரும் வந்து நின்றுவிட்டார். எல்லார் கண்ணும் அவள் வாயில் இருந்தது.

"மேல," என்றாள்.

"அவரே சொன்னாரா?" என்றார் மருத்துவர்.

"அவரேதான். மூணு தடவை சுத்தினார். வாங்க, நீங்களும் பாருங்க."

நாத்தனார் அவள் கையைப் பிடிக்க வந்தார். அவள் விலக்கிக்கொண்டு, மருத்துவருக்கு முன்னால் விறுவிறுவென்று உள்ளே நடந்தாள். போய்க் கால்மாட்டில், அவர் நிற்கச் சொன்ன இடத்தில் நின்றுகொண்டாள்.