வெண்கலத்தின் தொண்டை வலி

என் சகலைக்கு மார்க்கெட்டில் வைத்த பெயர் வெண்கலம். காய்கறி ஏலம் விடுகிறவன். மொத்த மார்க்கெட்டின் இந்தக் கோடியில் நின்று அவன் தக்காளிக்கு விலை கூவினால், அந்தக் கோடியில் லாரிக்குள் தூங்கும் டிரைவர் எழுந்து உட்காருவான். என் மனைவியின் தங்கையைக் கட்டியவன். நான் அதே கடையில் தராசு பார்க்கிறேன். எனக்குப் படிப்பு குறைவு, நம்பிக்கை அதைவிடக் குறைவு. மூட்டையின் வாயில் உருளைக்கிழங்கு பளபளவென்று இருந்தால் அடியில் கையை விட்டுத் துழாவிப் பார்ப்பேன். மனுஷர்களையும் அப்படித்தான்.

கொஞ்ச மாதம் முன்னால் வெண்கலத்தின் ஏலம் கெட்டுப்போனது. குரல் கெடவில்லை, வேகம் கெட்டது. ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம் என்பதை ஒரே மூச்சில் கொட்டிவிடுவான். வியாபாரி விரலைத் தூக்குவதற்குள் மூட்டை இன்னொருத்தனுக்குப் போயிருக்கும். ஒருநாள் முட்டைக்கோஸ் லாரியின் தார்ப்பாயை அவிழ்ப்பதற்கு முன்பே முழு லோடையும் விற்றுத் தீர்த்தான். கை வேறு நடுங்கியது. எல்லாரும் குளிரில் ஸ்வெட்டர் போட்டு நிற்க, இவன் சட்டைப் பொத்தானைக் கழற்றி விசிறிக்கொண்டான். பானையைக் கவிழ்த்துத் தின்றும் ஆள் துடைப்பக்குச்சியாய் ஆனான்.

"காலையிலேயே தண்ணி போட்டுட்டு வர்றானா?" என்று முதலாளி என்னிடம் கேட்டார். போய் மோந்து பார்த்தேன். இல்லை.

கொழுந்தியாதான் அவனை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே ஏமாற்றிவிடக் கூடாதே என்று நானும் கூடப் போனேன்.

டாக்டரம்மாவுக்கு என் மகள் வயதுகூட இருக்காது. ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "உங்க கழுத்துல இருக்கற தைராய்டு சுரப்பி தேவைக்கு மேல வேலை செய்யுது. அதான் உடம்பு இந்த ஓட்டம் ஓடுது. இந்த மாத்திரை அதை அடக்கும்."

"எவ்வளவு தூரம் அடக்கும்? ஆளையே அடக்கிடாதே?" என்றேன்.

"இவர் யாரு?"

"எங்க சகலைங்க," என்றான் வெண்கலம். "பெத்த தாய் பால் குடுத்தாலும் பாதி தண்ணியான்னு கேப்பாரு. நீங்க மனசுல வெச்சுக்காதீங்க."

"அப்ப அவரும் கேட்டுக்கட்டும். உடம்பு சரியாயிடுச்சுன்னு நீங்களா நிறுத்தக் கூடாது. நீங்களா கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. ஆனா தொண்டை வலி, காய்ச்சல், வாய்ப்புண், இதுல எது வந்தாலும் அடுத்த மாத்திரையப் போடாம அன்னைக்கே இங்க வந்து ரத்தம் குடுக்கணும். ரொம்ப அபூர்வமா சிலருக்கு இந்த மாத்திரை ரத்தத்துல வெள்ளை அணுவக் குறைச்சிடும். அப்படிக் குறைஞ்சா சாதாரணத் தொண்டை வலியே ஆளைச் சாய்ச்சிடும்."

வெண்கலம் சிரித்தான். "நான் பொழைக்கறதே தொண்டையிலதானுங்க. வருஷத்துல பாதி நாள் வலிக்கும்."

"வலிச்சா வாங்க. ஒண்ணும் இல்லைன்னா திருப்பி அனுப்பறேன்."

வெளியே வந்ததும், "ரத்தப் பரிசோதனைக்கு ஆள் புடிக்குது பாரு அந்தப் பொண்ணு," என்றேன். கொழுந்தியா என்னை முறைத்தாள்.

டாக்டரம்மா சொன்னதை நம்பவில்லை. என் தராசை நம்பினேன். வாராவாரம் உருளைக்கிழங்கு மூட்டை ஏற்றும் தராசில் அவனை ஏற்றி நிறுத்துவேன். சுற்றி நிற்கிற சுமை தூக்குகிறவர்கள், "என்ன விலைக்கு விடறீங்க?" என்று கேட்பார்கள். "சொத்தை நீக்கிட்டுச் சொல்றேன்," என்பேன். முள் ஏறிக்கொண்டே வந்தது. கை நடுக்கம் நின்றது. ஏலமும் மனுஷ வேகத்துக்கு வந்தது. சரி, மாத்திரையில் ஏதோ சரக்கு இருக்கிறது என்று ஒத்துக்கொண்டேன், மனதுக்குள்.

அப்புறம் மார்க்கெட்டுக்கு நடுவில் போகிற சாக்கடை உடைந்து, பழுது பார்க்கிறோம் என்று நாலு நாள் கேட்டைப் பூட்டிவிட்டார்கள்.

திறந்த அன்றைக்குக் காலையில் லாரிகள் தெருமுனை வரைக்கும் நின்றன. இப்படி ஒரு நாளில் நன்றாக ஏலம் விட்டவன்தான் அந்த வருஷம் முழுக்க மேடையில் நிற்பான் என்பது எங்கள் மார்க்கெட்டில் எழுதாத சட்டம். எங்கள் கடைக்கும் பக்கத்துக் கடைக்கும் ஒரே மேடை, ஒரே தராசு. பக்கத்துக் கடை ஏலக்காரன் ஒருத்தன் அதற்காகவே காத்திருந்தான். கையில் ஒலிபெருக்கி வைத்துக்கொண்டு ஏலம் விடுவான். அதனால் அவன் பெயர் மைக்கு. தொண்டையை நம்பாமல் பேட்டரியை நம்புகிறவன் ஏலக்காரனா என்று வெண்கலம் அவனைக் கேலி செய்வான்.

வெண்கலம் மேடைக்குப் பக்கத்தில் நின்று வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தான். ஒரு வாய் விழுங்கும்போது முகம் எட்டுக் கோணலாய்ப் போயிற்று. பிறகு சட்டைப் பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து ஒன்றைப் பிதுக்கினான். நான் தராசை விட்டு இறங்கிப் போய் அவன் மணிக்கட்டைப் பிடித்து மாத்திரையைப் பிடுங்கினேன்.

"தொண்டை வலிக்குதா?"

"ஏலக்காரனுக்குத் தொண்டை வலி புதுசா அண்ணே? கத்தற தொழிலு. விடுங்க."

"நாலு நாளா மார்க்கெட்டே இல்ல. யாரைப் போய்க் கத்தின?"

அவன் திருதிருவென்று முழித்தான். "வீட்டுல..."

"வீட்டுல கத்தறது நீயா, அவளா?"

அவனை நம்பாமல் கொழுந்தியாவுக்குப் போன் போட்டேன். "அவன் நாலு நாளா வீட்டுல சத்தம் போட்டானா?"

"சத்தமா! நேத்து முழுக்க போர்வைய இழுத்துப் போர்த்திக்கிட்டு அடக்க ஒடுக்கமா படுத்திருந்தாரு மாமா. இவருக்கு என்ன ஞானோதயம்னு நானே ஆச்சரியப்பட்டேன்."

அவன் நெற்றியில் கை வைத்தேன். கொதித்தது.

"இன்னைக்கு ஒரு நாள் அண்ணே," என்றான். குரல் கீச்சென்று வந்தது. "இன்னைக்கு நான் மேடையேறலைன்னா அந்தப் பேட்டரிப் பய ஏறிடுவான். அப்புறம் என்னைக் கூடை எண்ணத்தான் விடுவாங்க. ஏலம் முடிஞ்சதும் நேரா ஆஸ்பத்திரிதான். சத்தியமா."

"உன் சத்தியத்தை எடை போட்டா கால் கிலோ தேறாது. நட."

"நீங்கதானே அந்தம்மா ஆள் புடிக்குதுன்னு சொன்னீங்க?"

"ஆமா. போய் அவ பொய் சொன்னாளான்னு பார்ப்போம்."

அவன் அசையவில்லை. நான் மைக்குவைக் கூப்பிட்டேன். "இவனுக்கு உடம்பு சரியில்ல. இவன் திரும்பி வர்ற வரைக்கும் நீ விடு. வந்ததும் இறங்கிடணும்."

"தாராளமா பெரியவரே. அண்ணன் மேடை எப்பவும் அண்ணனுக்குத்தான்," என்றான் மைக்கு, பல்லெல்லாம் தெரிய.

நான் ஒரு சொல்லும் நம்பவில்லை. "இறங்கலைன்னா உங்க கடை மூட்டை ஒவ்வொண்ணையும் அடியோட கொட்டிப் பார்த்துட்டுத்தான் தராசுல ஏத்துவேன். உங்க வண்டி சாயங்காலம் வரைக்கும் இங்கேயேதான் நிக்கும்," என்றேன். பல் மறைந்தது. தராசை இன்னொருத்தனிடம் விட்டுவிட்டு, வெண்கலத்தைத் தள்ளிக்கொண்டு போனேன்.

ஆஸ்பத்திரி வாசலில் சண்டை போட வேண்டியிருக்கும் என்று வார்த்தைகளையெல்லாம் வழியிலேயே அடுக்கி வைத்திருந்தேன். "தைராய்டை அடக்கற மாத்திரை சாப்பிடறவன். தொண்டை வலி, காய்ச்சல்," என்றதும், உட்கார்ந்திருந்த நர்ஸ் எழுந்துவிட்டாள். வரிசையில் நில்லுங்கள் என்று சொல்லவில்லை. நேரே உள்ளே கூட்டிப்போய் ஊசி குத்தி ரத்தம் எடுத்தாள். ஆஸ்பத்திரிக்காரர்கள் சண்டையில்லாமல் உள்ளே விடுகிறார்கள் என்றால் விஷயம் சின்னதில்லை.

டாக்டரம்மா காகிதத்தோடு வேகமாக வந்தாள். "வெள்ளை அணு ரொம்ப இறங்கிடுச்சு. உடனே படுக்க வெச்சு மருந்து ஏத்தணும். மாத்திரை கடைசியா எப்பப் போட்டாரு?"

"நேத்து. இன்னைக்குப் போட வந்தான், புடுங்கிட்டேன்."

"நல்லது பண்ணீங்க. இன்னும் ரெண்டு நாள் இழுத்திருந்தா..." வெண்கலம் என்னைப் பார்த்தான். நான் சுவரைப் பார்த்தேன்.

தனி அறையில் போட்டார்கள். வெளியாட்கள் மூச்சுகூட ஆகாது என்று கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கமே எங்களை நிறுத்திவிட்டார்கள். முதல் ரெண்டு நாள் அவன் கண்ணே திறக்கவில்லை. கொழுந்தியா கதவில் நெற்றியை முட்டுக் கொடுத்தபடி நின்றாள். பேச்சே இல்லை. அவள் பேசாமல் இருந்தால் எனக்குப் பயமாக இருக்கும்.

மூணாவது நாள் எழுந்து உட்கார்ந்தான். தொண்டைக்கு ஓய்வு, பேசக் கூடாது என்று உத்தரவு. ஊசி போட வந்த நர்ஸிடம் ஏல விரல் காட்டி, ரெண்டு ஊசியை ஒன்றாகக் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசினான். அவள் படியவில்லை.

"வாயை மூடிட்டு இருக்கறப்ப எவ்வளவு லட்சணமா இருக்காரு பாருங்க மாமா," என்றாள் கொழுந்தியா. சொல்லிவிட்டு அழுதாள். பிறகு சிரித்தாள்.

காலையில் போனதும் டாக்டரம்மாவிடம், "வெள்ளை அணு இன்னைக்கு என்ன நிலவரம்?" என்று கேட்பேன். "கொஞ்சம் ஏறியிருக்கு," என்பாள். காகிதத்தைக் காட்டச் சொல்லி என் கண்ணாலும் பார்ப்பேன். எண் படிக்க வரும். அது போதும். ஒருநாள் அது நன்றாகவே ஏறியிருந்தது. அவளே கண்ணாடிக் கதவைத் திறந்து உள்ளே போய், பேசலாம் என்று அனுமதி கொடுத்தாள்.

"ஒரு தரம்!" என்றான் வெண்கலம். குரல் கரகரத்தது. "ரெண்டு தரம்!" பக்கத்து அறையில் யாரோ தம்ளரைக் கீழே போட்டார்கள். மூணாம் தரத்துக்கு நர்ஸ் ஓடி வந்து வாயைப் பொத்தினாள்.

"இந்த மாத்திரை இனிமே ஆயுசுக்கும் கூடாது," என்றாள் டாக்டரம்மா. "எந்த டாக்டர்கிட்டப் போனாலும் அதை முதல்ல சொல்லணும். தைராய்டுக்கு வேற வைத்தியம் இருக்கு, தேறினதும் ஆரம்பிக்கலாம்."

"வேற வைத்தியம்னா?" என்று ஆரம்பித்தேன். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்க. நீங்க விட மாட்டீங்கன்னு தெரியும்," என்றாள். உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டேன். அவள் சலிக்கவில்லை.

வெண்கலம் மார்க்கெட்டுக்குத் திரும்பிய காலையில் மைக்கு மேடையில்தான் இருந்தான். எங்களைப் பார்த்ததும் பாதி ஏலத்தில் நிறுத்தி இறங்கினான். "இந்தாங்க அண்ணே, தொண்டை பத்திரம்," என்று ஒலிபெருக்கியை நீட்டினான். வெண்கலம் ஒரு நிமிஷம் அதைப் பார்த்தான். வாங்கிக்கொண்டான். முதல் தக்காளிக் கூடைக்கு அதில் குரல் கொடுத்தபோது புறாக்கள் கூரையை விட்டே பறந்துவிட்டன.

மைக்கு சொன்ன சொல் தவறாதது எனக்கு என்னவோ போல் இருந்தது. மத்தியானம் அவன் கடை மூட்டை ஒன்றை அவிழ்த்து அடியோடு கொட்டிப் பார்த்தேன். அடியிலும் நல்ல கிழங்காகவே இருந்தது. இன்னொன்றையும் அவிழ்த்தேன்.