குளியலறைக்கு ஒரு தாழ்ப்பாள்

அந்த முதியோர் இல்லத்தில் குளியலறைக்குக் கதவு உண்டு, தாழ்ப்பாள் கிடையாது. உள்ளே யாராவது வழுக்கி விழுந்தால் எப்படிக் காப்பாற்றுவது என்பது மேனேஜரின் கேள்வி. விழுந்தவரைக் காப்பாற்ற இதுவரை ஒருவரும் அந்தக் கதவைத் திறந்ததில்லை. வாளி தேடி வந்தவர்கள், பல்பு மாற்ற வந்தவர்கள், சும்மா எட்டிப் பார்த்தவர்கள் எல்லோரும் திறந்திருக்கிறார்கள்.

கண்டக்டரம்மாவுக்கு இது தீராத வயிற்றெரிச்சல். பாதி ஆயுளைப் பேருந்தில் இடிபட்டுக் கழித்தவர் அவர். பக்கவாதம் வந்து இடது பக்கம் சொன்ன பேச்சு கேட்காமல் போனதும் இங்கே வந்து சேர்ந்தார். குளிக்கிற நேரமாவது தனியாக இருக்கக் கூடாதா என்றுதான் கேட்டார். அவசரமென்றால் வெளியிலிருந்து காசை நுழைத்துத் திருகித் திறக்கிற தாழ்ப்பாள் கடையிலேயே கிடைக்கிறது என்றும் சொல்லிப் பார்த்தார். "பாக்கலாம்மா" என்றார் மேனேஜர். அவர் பார்க்கலாம் என்றால் அந்த விஷயத்தைத் தலைமுழுகிவிட்டார் என்று அர்த்தம்.

ஆகவே அங்கிருந்த முதியவர்களே ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். கண்டக்டரம்மாவின் பழைய விசில் இருந்தது. ஒருவர் குளிக்கும்போது இன்னொருவர் விசிலோடு வாசலில் காவல். ஒரு விசில் என்றால் நில். இரண்டு விசில் என்றால் போகலாம். சமையல்காரர்கூட ஒரு விசிலுக்குக் கரண்டியும் கையுமாக அப்படியே நின்றுவிடுவார்.

மேனேஜருக்கு இது வேடிக்கை. எல்லோரும் குழந்தைகள் மாதிரி என்பார். பார்க்க வருகிறவர்களிடம், ஆளை எதிரில் உட்கார வைத்துக்கொண்டே, இந்தக் குழந்தை நன்றாகச் சாப்பிடும், தூக்கம்தான் கம்மி என்று விளக்குவார். எழுபதைத் தாண்டிய குழந்தைகள் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருக்கும். பல் இருந்தவர்கள் கடித்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நாள் சேவைச் சங்கம் ஒன்று புதிய சக்கர நாற்காலியைக் கொடுத்தனுப்பியது. சங்கத்தார் பின்னாலேயே வருவதாக ஏற்பாடு. அன்று பார்த்து மேனேஜர் டீயைத் தன் மேலேயே கொட்டிக்கொண்டார். நனைந்த சட்டையைக் கழற்றிவிட்டு, கொடியில் காய்ந்த, இல்லத்து முதியவர்கள் போடுகிற நீலச் சட்டை ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டார். பேண்ட் தானாகக் காயட்டும் என்று விட்டுவிட்டார். விதி யாரை விட்டது? சும்மா இருக்காமல் புது நாற்காலியில் உட்கார்ந்து பெல்ட்டையும் மாட்டிப் பார்த்தார். மாட்டியது. கழற்றத்தான் வரவில்லை.

அவர் பெல்ட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது சங்கத் தலைவி தன் படையோடு முன்கூட்டியே வந்து இறங்கினார். ஊழியர்களோ மாடியில் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார்கள்.

மேனேஜர் தான் மேனேஜர் என்று சொன்னார். தலைவி அவர் காதருகே குனிந்து, "ஆமா தாத்தா, நீங்கதான் மேனேஜர்" என்று ஊருக்கே கேட்கும்படி சொன்னார். பிறகு படையைப் பார்த்து, மறுத்துப் பேசாதீர்கள், மனசு உடைந்துவிடும் என்றார். படம் எடுத்தார்கள். பேச வாய் திறந்தபோது உள்ளே பிஸ்கட் போயிற்று. வாயைத் துடைத்தும் விட்டார்கள். தலைக்குச் சாயம் பூசுகிற மனிதரைத் தாத்தா என்றால் அவரும்தான் என்ன செய்வார்? சத்தம் போட்டார். பாவம், கொஞ்சம் முரடு என்று அவர் தலைக்கு மேலேயே பேசிக்கொண்டார்கள்.

அப்போதுதான் ஒரு பெண்ணின் கண் ஈரப் பேண்ட்டில் பட்டது. குளிப்பாட்டிவிடலாம் என்று முடிவாயிற்று.

"ஐயோ, அது டீ!"

"டீ அப்புறமா தர்றோம் தாத்தா."

காவல் முடிந்தும் குளியலறை வாசலில் விசிலோடு உட்கார்ந்திருந்த கண்டக்டரம்மா இவ்வளவையும் பார்த்துக்கொண்டிருந்தார். மறைப்பானேன், அவருக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. நன்றாக வேண்டும் என்று ரசித்தார்.

நாற்காலி உள்ளே போயிற்று. பேண்ட் பொத்தானில் யாருடைய கையோ. மேனேஜர் இரண்டு கையாலும் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். வாசலில் இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். கதவையாவது சாத்துங்கள் என்றார் அவர். சாத்தினாலும் நிற்காது, தாழ்ப்பாள் இல்லையே என்றார்கள். அவர் சத்தம் போடுவதை நிறுத்திவிட்டார். தலையைத் திருப்பிக் கண்டக்டரம்மாவைப் பார்த்தார்.

அந்தப் பார்வை கண்டக்டரம்மாவுக்குத் தெரியும். அந்த அறையிலிருந்து அவரும் அப்படி வெளியே பார்த்திருக்கிறார். சிரிப்பு நின்றுபோனது.

ஒரு விசில் அடித்தார்.

எல்லோரும் நின்றார்கள். தலைவி வெளியே வந்து கேட்டார்: "ஏம்மா, இவர் எப்பவுமே இப்படி மேனேஜர்னு சொல்லிக்கிட்டிருப்பாரா?"

"அத ஏம்மா என்கிட்ட கேக்கறீங்க? அவர்தான் வாயோட உக்காந்திருக்காரே."

"இல்ல, நெஜமாவே மேனேஜரான்னு..."

"மேனேஜரா இருந்தா என்ன, இல்லாட்டி என்ன? வேணாங்கறார்ல. மொதல்ல கைய எடுங்க."

கையை எடுத்தார்கள். அதற்கப்புறம்தான் அவர் மேனேஜர்தான் என்பதையும் கண்டக்டரம்மா சொன்னார். தலைவியின் முகத்தில் ஈயாடவில்லை. கத்தரிக்கோல் வந்தது, பெல்ட் அறுந்தது. தலைவி மன்னிப்புக் கேட்டார்: "தப்பா எடுத்துக்காதீங்க சார். உங்களையும் இவங்கள்ல ஒருத்தர்னு நெனச்சுட்டோம்."

பரவாயில்லை என்று சொல்லத்தான் மேனேஜர் வாய் திறந்தார். கண்டக்டரம்மா பார்த்துக்கொண்டிருந்தார். மேனேஜரால் அதைச் சொல்ல முடியவில்லை.

மறுநாள் தாழ்ப்பாளோடு தச்சர் வந்தார். பார்க்கலாம் என்று யாரும் சொல்லவில்லை.

முதலில் குளிக்கப் போனது கண்டக்டரம்மாதான். விசிலை வெளியே ஆணியில் மாட்டிவிட்டுப் போய்த் தாழ்ப்பாளைப் போட்டார். சற்று நேரத்தில் கதவு தட்டப்பட்டது. அந்தக் கதவை அதுவரை யாரும் தட்டியதில்லை.

"தாழ்ப்பாள் சரியா விழுதாம்மா?" என்றது மேனேஜரின் குரல்.

கண்டக்டரம்மா நிதானமாக இன்னொரு சொம்பு தண்ணீரை எடுத்துத் தலையில் ஊற்றிக்கொண்டார். மேனேஜர் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார்.