பழுக்கக் காத்திருந்த பப்பாசி

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இது கதையாகத் தொடங்கியதல்ல. ஒரு விருந்தில் வாயில் வைத்ததுமே கரைந்துபோன ஆட்டிறைச்சியைச் சாப்பிட்டு, அதன் காரணத்தைத் தேடிப் படித்தேன். பப்பாசி (பப்பாளி) மரத்துப் பாலில் புரதத்தை வெட்டித் துண்டாக்கும் நொதியம் இருக்கிறதாம். இலையிலும் தண்டிலும் காயின் பச்சைத் தோலிலும் அது ஓடும். பழுக்கப் பழுக்கப் பால் வற்றிவிடும். கனிந்த பழத்தை இறைச்சியில் போட்டுப் பயனில்லை. ஒரே மரத்துக்கு இடத்துக்கிடம் வேறு குணம்! கட்டுரை எழுதத்தான் உட்கார்ந்தேன். நடுவில் மாக்கிறட் என்றொரு பெண் வந்து நின்றுகொண்டாள்.

2

"யுத்தம் ஓய்ந்து ஊர் திரும்பியவர்களின் கண்களில்..."

(வேண்டாம். இதை எல்லோரும் எழுதியாயிற்று.)

"முசலிக் கரையில் கூரையில்லாத ஒரு வீடு. அதன் குசினிக்குள், அடுப்புக் கல்லருகே, ஒரு பப்பாசி மரம்."

இது இருக்கட்டும். வீடு மாக்கிறட்டுடையது. மரம் தானாக முளைத்தது. கணவர் சந்தியோகுவுக்கு ஷெல்லடியில் தாடை உடைந்து பல்லெல்லாம் போய்விட்டது. அன்றிலிருந்து பந்தியில் உட்காரமாட்டார். கேட்டால் வயிறு சரியில்லை என்பார். ஊர் திரும்பியபின் வரும் முதல் கோயில் பெருநாளில் அவரைப் பந்தியில் இருத்திவிட வேண்டும் என்பது மாக்கிறட்டின் ஒரே பிடிவாதம்.

3

பெருநாளன்று ஊரார் சேர்ந்து வெட்டியதில் பங்கு இறைச்சி வந்தது. கிழட்டுக் கிடாய். அவள் அதில் பாதியை எடுத்து, கனிந்த பப்பாசிப் பழத்தைப் பிசைந்து பிரட்டி, ஊறவைத்து அடுப்பேற்றினாள். வெந்ததும் ஒரு துண்டை வாயில் போட்டாள். செருப்புத் தோல்!

இந்த இடத்தில் எனக்கே சந்தேகம் வந்தது. காய்தான் போடவேண்டும் என்று மாக்கிறட்டுக்குத் தெரியாதா?* பேனையை வைத்துவிட்டு அவளையே கேட்டேன்.

"தெரியும். காயில கைவைக்க மனம் வரேல்லை. இடம்பெயர்ந்து போன இடமெல்லாம் பப்பாசி நட்டனான். ஒண்டையும் பழுக்க விட்டதில்லை. நாளைக்கு எங்க இருப்பமோ எண்டு காயிலேயே கறி வைச்சிட்டுப் போயிடுவம். இதையாவது பழுக்க விடுவம் எண்டு இருந்தனான். பழமும் பப்பாசிதானே எண்டு நினைச்சிட்டன்."

* கட்டுரையில் இதைப் பிழை என்று எழுதியிருப்பேன். இங்கே எனக்குக் கை வரவில்லை.

4

மீதிப் பாதி பச்சையாக இருந்தது. கோயிலில் பாதிரியாரின் பூசை முடியப்போகிறது. அவள் கைகளைப் பார்த்தாள். பழத்தைப் பிசைந்த வலக்கை எரியாமல் சும்மா இருந்தது. அந்தப் பழத்தைப் பறிக்கும்போது பக்கத்துக் காய் கீறுப்பட்டு, அதன் பால் வழிந்த இடக்கை விரல்கள் சிவந்து எரிந்தன. என் தோலைத் தின்கிற சாமான் இந்தக் கிடாயைத் தின்னாதா என்று யோசித்தாள்.

கத்தியோடு எழுந்தாள். காய் விழுந்த சத்தத்தில் சந்தியோகு ஓடி வந்தார். அவரும் அந்த மரத்தைக் காவல் காத்தவர்தான்.

"ஏன் மாக்கிறட் வெட்டினனீர்? பழுக்க விட்டிருக்கலாமே!"

அவள் தோலோடு காயை அரைத்து இறைச்சியில் தேய்த்துக்கொண்டே சொன்னாள்:

"இஞ்சருங்கோ, மரத்தில இன்னும் கிடக்குதுதானே. அதுகள் பழுக்கும். நாங்கள் இனி எங்கயும் போகேல்லை."

அவர் அடுப்புக்கு விறகு எடுத்துக் கொடுத்தார்.

5

முடிவுகள் மூன்று எழுதிப் பார்த்தேன்.

அவர் மென்று விழுங்க, அவள் அழுகிறாள். (சினிமா.)

இறைச்சி கூடுதலாக ஊறிக் களியாகிப்போகிறது. (நடக்கக்கூடியது, ஆனால் எனக்கு மனமில்லை.)

அவர் பந்திக்கு வந்து, உட்காரும் முன்...

விட்டுவிட்டேன். கோயில் முற்றத்தில் பாய் விரித்தாயிற்று. மாக்கிறட் கறிச்சட்டியோடு வந்து, தன் பக்கத்தில் அவருக்கு ஓர் இடம் பிடித்திருக்கிறாள். வாசகரே, நீங்கள் அங்கேதான் நிற்கிறீர்கள். நான் ஒரு முறை தெருப்பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு வருகிறேன். அதற்குள் யாராவது அந்த இடத்தில் உட்கார வந்தால், "ஆள் வருகுது" என்று சொல்லிவிடுங்கள்.