நகராத இடது கை

"ஒங்க இடது கைக்கு என்ன வாதமாக்கா?" என்று கேட்டாள் இலக்கியா.

தாட்சாயிணிக்குச் சிரிக்கக்கூடத் தெம்பில்லை. மஞ்சக்குப்பத்து ஆபீஸை முடித்துவிட்டு நேரே பியானோ கிளாசுக்கு வந்திருந்தாள். வாசித்துக் காட்டிய மெட்டு அவளே கட்டியது. மேலே அது எங்கெங்கோ அலைந்தது. கீழே, மெட்டுக்குத் துணையாக இடது கைக்கு அவள் எழுதியிருந்த ஹார்மனியில் முதலிலிருந்து கடைசிவரை ஒரே ச, ஒரே ப.

"கீழ போற பேஸ் அங்கியே குந்திக்கினு இருக்கு. நகத்துங்க."

"கேக்கறப்போ சரியாத்தான் இருக்குது டீச்சர்."

டீச்சர் அவளைவிடப் பதினாலு வயது சின்னவள்.

அடுத்த வெள்ளிக்கிழமை நகர்த்தி எழுதிக்கொண்டு போனாள். ச நகர்ந்த இடத்துக்கெல்லாம் ப-வும் கூடவே நகர்ந்தது. இலக்கியா வரிசையாகச் சிவப்புக் கோடு போட்டாள்.

"ரெண்டும் ஒரே தூரத்துல சேந்தே போனா ஹார்மனில தப்பு. புருஷன் பொண்டாட்டி கைகோத்துக்கினு போற மாதிரியில்ல போவுது."

"அப்படிப் போற புருஷன எங்க பாத்தீங்க டீச்சர்?"

இருவரும் சிரித்தார்கள். சிரித்து ஓய்ந்ததும் இலக்கியா சொன்னாள்: "அடுத்த வாரம் பரீட்சைக்குப் பேரு குடுக்கக் கடைசி. இது சரியா வந்தாதான் அனுப்புவேன். போன வருஷம் மாதிரி ஃபெயிலாக அனுப்ப முடியாதுக்கா."

சிதம்பரம் பஸ்ஸில் புதுச்சத்திரம்வரை நின்றுகொண்டே போனாள். இந்தத் தடவையும் சரியாக வரவில்லையென்றால் பியானோவை விட்டுவிடுவது என்று ஆலப்பாக்கம் தாண்டும்போதே முடிவாகிவிட்டது.

வீட்டில் கணவர் தில்லைநாதன், ஊர்ப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுப்பவர். காலையில் போடும் சுருதிப் பெட்டி, பாட்டு இல்லாத நேரத்திலும் ச-ப என்று ரீங்கரித்துக்கொண்டே இருக்கும். கல்யாணமான நாளிலிருந்து அதற்குள்தான் குடித்தனம். ஞாயிறு மத்தியானம் அந்த ரீங்காரத்தின்மேல் கீபோர்டில் எதை வாசித்தாலும் சரியானது தப்பாகவும் தப்பானது சரியாகவும் கேட்டது. அவள் எழுந்து போய்ப் பெட்டியை நிறுத்தினாள்.

"கரண்டு போயிட்டுதா?" என்று எழுந்து வந்தார் தில்லைநாதன்.

"நான்தாங்க நிறுத்தினேன்."

"வீடே வெறிச்சோன்னு இருக்குதே, தாட்சா."

"செத்த நேரம் இருக்கட்டுங்க."

அவர் பேப்பரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். சற்று நேரத்தில் அவர் வாயே ச பிடிக்க ஆரம்பித்தது.

"அதையும் நிறுத்துங்க."

"நான் எங்க பாடினேன், தாட்சா?"

அதன்பிறகு அவள் விரலுக்கு அடியில் தரையே இல்லாத மாதிரி இருந்தது. பேஸை ச-விலிருந்து நி-க்கு இறக்கினாள். பிறகு த-வுக்கு. சரியா தப்பா என்று சொல்லத் துணை ஏதுமில்லை. ஒவ்வொரு சுரத்தையும் அவளேதான் கேட்டு முடிவுசெய்ய வேண்டியிருந்தது. கழுத்து வலித்தது. அழித்து அழித்து எழுதினாள்.

வெள்ளிக்கிழமை இலக்கியா வாசித்துக்கொண்டே போனாள். சிவப்புப் பேனா மூடியே இருந்தது. கடைசி வரியில் கை நின்றது. அங்கே பழையபடி ச-வும் ப-வும் குந்தியிருந்தன.

"இங்க மட்டும் ஏங்க்கா?"

"முடியல டீச்சர். அதுக்கு மேல நகத்தத் தெம்பில்ல."

இலக்கியா அந்த வரியை மறுபடி வாசித்தாள். இன்னொரு தரமும் வாசித்தாள்.

"நகத்த வேணாம். இவ்ளோ சுத்திட்டு வந்தப்புறம் நிக்கலாம். நல்லாத்தான் இருக்கு. பேரு அனுப்பிடறேன்."

தாட்சாயிணி தலையாட்டினாள். செருப்பு மாட்ட வாசற்படியில் உட்கார்ந்தாள்.

"அடுத்த பாடம் ரெண்டு கையிலயும் சேத்து நாலு குரல்க்கா," என்றாள் இலக்கியா உள்ளேயிருந்து. "நாலும் தனித்தனியா போவணும்."

"நாலா?"

ஒரு கால் செருப்பை மாட்டியவள், கொஞ்ச நேரம் எழுந்திருக்கவில்லை.