கர்த்தருக்குப் போகும் கூடை

...சீ, இதிலும் புழு, வெள்ளையாக, தலை எது வால் எது என்று தெரியாமல் நெளிகிறது, உப்புத் தண்ணீரில் போட்டதும் ஒவ்வொரு பழத்திலிருந்தும் எட்டிப் பார்க்கிறது, இதையா நாளைக்கு அறுப்பின் பண்டிகையில் பீடத்துக்கு முன்னால் வைக்கப்போகிறார் என் வீட்டுக்காரர் இஸ்ரேல்? சித்தூரில் யாருமே ராஸ்பெர்ரி காய்க்கவைத்தது கிடையாதாம், முதற்பலனாம், ஏலம் விடும்போது சபையே வாயைப் பிளக்குமாம். மொட்டைமாடியில் பெயின்ட் பக்கெட்டில் செடி, மேலே பச்சை வலை, மீனும் வெல்லமும் அழுகவைத்த உரம், அந்த நாற்றம் என் தலைமுடியில் ஏறிக்கொண்டு இறங்கமாட்டேன் என்கிறது... போர்வெல் தண்ணீர் உப்பு, இலை கருகுகிறது என்று ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைத்தான் செடிக்கு ஊற்றுகிறார், அதற்காகவே மத்தியானம் முழுக்க ஆளில்லாத அறையில் ஏசி ஓடுகிறது. போன கோடையில் மாதவிலக்கு நின்று உடம்பெல்லாம் தணலாக எரிந்தபோது கெஞ்சினேனே, என்ன சொன்னார்? "கரண்டு பில்லு யாரு கட்டறது? ஃபேன் கீழ போய் குந்து." எனக்குக் கிடையாது, செடிக்கு உண்டு. தூ.

அவர் கடைக்குக் கிளம்பியதும் அவருக்குத் தெரியாமல் அந்த அறையில் போய்ப் படுத்துக்கொள்கிறேன், ஜன்னலுக்கு வெளியே பக்கெட்டில் தண்ணீர் சொட்டும், எனக்குத் தூக்கம் வரும், ராத்திரியில்கூட வராத தூக்கம்... பழத்தில் புழு என்று தெரிந்தால் இந்த மனுஷன் அன்றைக்கே செடியைப் பிடுங்கித் தெருவில் எறிவார், பூச்சி விழுந்த ரோஜாவை அப்படித்தான் எறிந்தார், அப்புறம் ஏசி எதற்கு? அதனால்தான் ஊக்கால் ஒவ்வொரு புழுவாகக் குத்தி எடுத்துக்கொண்டு நிற்கிறேன், பழுதில்லாததைத்தான் காணிக்கை வைக்க வேண்டும் என்று ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற நான். இதை ஏலத்தில் எடுத்து சபை ஐயர் வீட்டம்மா துன்னுவார்களோ என்னவோ, என்மேலேயே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

"தபீதா, ஆச்சா?" படியிலிருந்து அவர் குரல். "பாத்து எடுடி, கர்த்தருக்குப் போவுது. சுத்தமா கீதா?"

"கண்ணாடியாட்டம் கீது," என்றேன். புழுத் தண்ணீரை மாடித் தூம்பில் ஊற்றினேன், பழங்களைக் கூடையில் அடுக்கினேன், ஆண்டவரே, ஏலம் முடிகிற மட்டும் ஒன்றுகூட வெளியே வரக்கூடாது, செடி பிழைக்க வேண்டும், ஏசி ஓட வேண்டும்... தானாக வந்த ஜெபம், கண்கூடக் கலங்கிவிட்டது. முன்பெல்லாம் முட்டிபோட்டு, இவர் மனசு என் பக்கம் இளகட்டும் ஆண்டவரே என்றுதானே கேட்பேன், தினமும் கேட்பேனே... அதை எப்போது நிறுத்தினேன்?