ஏழாவது செல்லின் சோர்வு

முதலாளியின் மைத்துனர் டிசைன் தலைவராக வந்த மறுவாரமே, பேட்டரி பேக்கின் மூடியில் ஒரு நீல விளக்கு ஏறியது. கம்பெனிச் சின்னம் இரவும் பகலும் மின்ன வேண்டுமாம். அதற்கு அவர் சூட்டிய பெயர் 'பிராண்டின் ஆன்மா'.

பேக்குக்குள் இருக்கும் செல்களைச் சமன்செய்யும் சர்க்யூட்டை வடிவமைத்தவளுக்கு ஆபீசில் 'மீட்டர் அக்கா' என்று பெயர். மல்டிமீட்டரை வைத்துப் பார்க்காமல் எதையும் நம்பமாட்டாள். எந்தச் செல் அதிகம் நிறைந்திருந்தாலும், மிகுதியை ரெசிஸ்டரில் சூடாக எரித்து, பின்தங்கிய செல்லின் மட்டத்துக்கு இறக்கிவிடுவது அவள் சர்க்யூட்டின் வேலை. இப்போதோ, அலமாரியில் சும்மா கிடக்கும் பேக்குகளே காலியாகிக்கொண்டிருந்தன.

"வெள்ளிக்கிழமைக்குள்ள காரணம் தெரியணும்மா. இல்லேன்னா உங்க சர்க்யூட்டத் தூக்கிட்டு வெளியிலேர்ந்து வேற வாங்கிடுவேன்," என்றார் முதலாளி.

"பழைய டிசைன் அத்தான், அப்படித்தான் இருக்கும்," என்று எடுத்துக்கொடுத்தார் மைத்துனர்.

இரண்டு வருட உழைப்பு போய்விடுமே என்ற பயத்தையும் மீறி, அவளை ஆவல் பிடித்துக்கொண்டது. எந்தப் பேக்கைத் திறந்தாலும் எல்லாவற்றிலும் அதிகம் சோர்ந்து கிடப்பது ஏழாவது செல்தான். அதை மூன்றாவதோடு இடம் மாற்றி, மறுபடி சார்ஜ் ஏற்றி வைத்தாள். மறுநாள், ஏழாம் இடத்துக்குப் புதிதாக வந்தது சோர்ந்திருந்தது. கோளாறு ஆளில் இல்லை, நாற்காலியில்! ஏன்?

தன் சர்க்யூட் போர்டையே கழற்றிப் பார்த்தாள். நீல விளக்கு அப்போதும் ஜம்மென்று எரிந்தது. போர்டு வழியாகத்தான் அது எரிகிறது என்றல்லவா நினைத்திருந்தாள்! மூடிக்கடியில் டேப்பை உரித்தாள். மெல்லிய ஒயர் இரண்டு, பக்கத்திலிருந்த ஏழாவது செல்லுக்கு நேராக ஓடின.

இருவரையும் கூப்பிட்டுக் காட்டினாள். "ஒருத்தன் தட்டுல மட்டும் கை வெச்சுக்கிட்டே இருக்கு சார் இந்த விளக்கு. அவன் இளைச்சுட்டானேன்னு, என் சர்க்யூட் மத்தவங்க தட்டையும் கொட்டிச் சமமாக்குது."

மைத்துனர் முகம் மலர்ந்தது. "அப்ப எல்லாச் செல்லுக்கும் ஆளுக்கொரு விளக்கு வெச்சுட்டா? சமமாயிடுமே அத்தான்!"

"ஆயிடும். எல்லாம் ஒண்ணா சாகும்," என்றாள் மீட்டர் அக்கா.

முதலாளி விளக்கைப் பார்த்தார், மச்சானைப் பார்த்தார். "வெட்டும்மா," என்றார். "சர்க்யூட் இருக்கட்டும்."

அடுத்த வாரம் பேக் வாங்க வந்தவர்களிடம் அவரே விளக்கினார்: "மத்தவங்க மாதிரி நாங்க மூடியில விளக்கெல்லாம் வைக்கறதில்ல. வைக்காம இருக்கறதுக்கே ரெண்டு வருஷ ஆராய்ச்சி!"

மைத்துனர் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டார்.