ஹெட்டைத் தூக்கும் முன்

மெக்கானிக் இரண்டு தொகைகளைச் சொன்னான். இன்ஜின் கொதிப்பதைக் காட்டும் சிவப்பு விளக்கு எரிந்ததுமே நிறுத்தியிருந்தால் கேஸ்கெட் தகடு மட்டும்தான் போயிருக்கும், பதினைந்தாயிரத்தில் முடியும். நிறுத்தாமல் ஓட்டியிருந்தால் சிலிண்டரே கீறியிருக்கும். இன்ஜினை முழுதாகப் பிரித்துக் கட்ட எண்பதாயிரம் ஆகும். எது என்பது இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டைத் தூக்கினால்தான் தெரியும்.

“அவர்தான் உடனே நிறுத்திட்டேன்னு சொல்றாரே” என்றாள் டாக்சியின் சொந்தக்காரி.

கணவன் தலையாட்டினான். நிழலாகப் பார்த்துப் பைக்கை நிறுத்திவிட்டு வந்து டயர் அடுக்கின்மேல் உட்கார்ந்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை நண்பர்களோடு ஊர் சுற்றக் காரை வாங்கிப் போனவன் அவன்தான்.

பல வருஷம் இன்னொருவர் காருக்குத் தினவாடகை கட்டி ஓட்டி, அதில் மிச்சம் பிடித்து அவள் வாங்கிய கார். இது போனால் மறுபடியும் விடிந்ததும் அந்த முதலாளி வாசலில் சாவிக்குக் காத்து நிற்க வேண்டும்.

மேலிருந்த பாகங்களையெல்லாம் கழற்றி வைத்துவிட்டு, மெக்கானிக் முதல் ஹெட் போல்ட்டில் ஸ்பேனரை வைத்தபோது பழைய கார் தரகர் உள்ளே வந்தார்.

“தம்பி, கொஞ்சம் பொறு. தங்கச்சி, திறக்காம அப்படியே குடுத்தா ஒரு லட்சம் தரேன். திறந்துட்டா பேச்சே வேற.”

“உள்ள என்ன இருக்குன்னே தெரியாதே அண்ணே.”

“தெரியாத வரைக்கும்தான் லட்சம்.”

“கார் இங்க இருக்குன்னு உங்களுக்கு யார் சொன்னா?”

தரகரின் பார்வை டயர் அடுக்கு வரை போய்த் திரும்பியது.

“வித்துடலாமே” என்றான் கணவன். “எதுக்கு வம்பு?”

“பதினஞ்சாயிரத்துல முடியிற வேலைக்குக் காரையே விக்கணுமா?”

“ஒருவேளை…”

“என்ன ஒருவேளை? நீங்கதான் நிறுத்திட்டீங்களே.”

“அக்கா, சீக்கிரம் ஒரு முடிவுக்கு வாங்க” என்றான் மெக்கானிக். “ஸ்பேனரைப் பிடிச்சுக்கிட்டு எவ்வளவு நேரம் போஸ் குடுக்குறது?”

“கழட்டிடு தம்பி.”

மெக்கானிக் ஓரத்திலிருந்து நடுவை நோக்கிப் போல்ட்டுகளைக் கழற்றிக்கொண்டு வந்தான். ஒவ்வொரு போல்ட்டும் முதலில் மறுத்து, பிறகு சடக்கென்று இளகியது. பாதி ஆனபோது தரகர், “லட்சத்துப் பத்தாயிரம். இதுதான் கடைசி” என்றார். அவள் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். இன்ஜினைப் பார்க்கவில்லை, கணவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் தரையில் காய்ந்திருந்த எண்ணெய்க் கறையைச் செருப்பால் தேய்த்துக்கொண்டே இருந்தான்.

கடைசி போல்ட்டும் வெளியே வந்தது. மெக்கானிக் ஹெட்டின் இரு முனையிலும் கை வைத்தான்.

“தூக்காத” என்றான் கணவன். “நான் நிறுத்தல.”

மெக்கானிக்கின் கைகள் அப்படியே நின்றன.

“ஏறுனதுலேர்ந்து பொண்டாட்டி வண்டி, பொண்டாட்டி வண்டின்னு கிண்டல் பண்ணிக்கிட்டே வந்தானுங்க. நடு ரோட்டுல நின்னா மானம் போயிடும்னு நெனச்சேன். புகை வந்துச்சு. வீடு வரைக்கும் ஓட்டிட்டேன்.”

தரகர் கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினார். “இதை போன்லயே சொல்லியிருக்கலாமே தம்பி. நான் வரேன் தங்கச்சி” என்று வாசலுக்குப் போனவர் அங்கே நின்று போனில் பேசத் தொடங்கினார்.

“தூக்கு” என்றாள் அவள் மெக்கானிக்கிடம்.

ஹெட் மேலே வந்தது. மெக்கானிக் கரியைத் துடைத்துவிட்டுச் சிலிண்டரின் உள்சுவரில் கட்டைவிரல் நகத்தை வைத்து மேலிருந்து கீழே இழுத்தான். முதல் இரண்டிலும் நகம் வழுக்கிக்கொண்டு போனது. மூன்றாவதில் நின்றது.

“மாட்டுது அக்கா. நீங்களே பாருங்க.”

அவளும் நகத்தை வைத்து இழுத்தாள். கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அந்தக் கோடு நகத்துக்குத் தெரிந்தது.

“எண்பதா?”

“எண்பதுதான்.”

டயர் அடுக்கிலிருந்து கணவன் எழுந்தான். அவளைத் தாண்டிப் போக முடியாதவன்போல் காரைச் சுற்றிக்கொண்டு வாசலுக்குப் போனான். போகும்போதே சட்டைப்பையிலிருந்து பைக் சாவியை எடுத்தான்.

“அண்ணே, நில்லுங்க. பைக் எடுப்பீங்களா?”

தரகர் திரும்பினார். நிழலில் பளபளவென்று நின்ற பைக்கை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

“எடுக்கலாம். இதோட இன்ஜினாவது உருப்படியா இருக்கா?”

கணவன் வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து பதில் வந்தது. விரலில் ஒட்டிய கரியைப் பழந்துணியில் துடைத்துக்கொண்டே அவள் சொன்னாள்.

“அதுல ஒரு குறையும் இருக்காது அண்ணே. அது அவரோட வண்டி.”